மலையில் மூன்று வாரம்: ஓட்டக்காரருக்கு என்ன கிடைக்கும்?

அரை மாரத்தானை 1 மணி 32 நிமிடத்தில் ஓடுகிறீர்கள். முக்கியமான போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இடையில் மூன்று வாரம் 2,200 மீட்டர் உயரத்தில் தங்கிப் பயிற்சி செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. பலன் இருக்குமா, இருந்தால் எவ்வளவு, மேலே எந்த வேகத்தில் ஓடுவது, போட்டிக்கு எத்தனை நாள் முன்பு இறங்குவது, போக முடியாவிட்டால் காற்று வரும் வழியைக் குறுக்கும் பயிற்சி முகமூடியோ, ஆக்சிஜன் குறைக்கப்பட்ட காற்றுள்ள தூங்கும் கூடாரமோ அதற்கு ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. ஆனால் பலரும் எதிர்பார்ப்பதைவிட அது சிறியது. அதில் பெரும்பகுதி மலைமேல் ஓடுவதால் வருவதில்லை, அங்கே தங்குவதால் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் உடல் செய்துகொள்ளும் மாற்றம்தான் நீங்கள் தேடிப் போகும் பொருள். இது மனதில் பதியாதவர்கள்தான் மூச்சுத் திணறத் திணற ஓடிவிட்டுக் களைத்துப்போய் இறங்குகிறார்கள். என் முதல் மலைப் பயிற்சியில் நானும் அதையே செய்தேன். போய்ச் சேர்ந்த மறுநாளே வழக்கமான வேகத்தில் ஓடினேன். ஒரு வாரம் சரியான தூக்கம் இல்லை. இறங்கி வந்து ஓடிய போட்டி, அந்த ஆண்டின் மிக மெதுவான ஓட்டமாக அமைந்தது.

மலைமேல் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். விகிதம் குறைவதில்லை. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் அது 20.9 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் அழுத்தம் 2,200 மீட்டரில் சுமார் 580க்கு இறங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகிறது. கடல்மட்டத்தில் இருந்துகொண்டே 16 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசித்தால் கிட்டத்தட்ட இதே நிலை வரும். கூடாரம் பற்றிப் பேசும்போது இந்த எண் தேவைப்படும்.

இந்தக் குறைவு ஓட்டத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை உலகம் கண்ணால் கண்டது 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில். அந்த நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் போகவிருக்கும் உயரமும் அதுதான். காற்றின் அடர்த்தி குறைந்ததால் குறுந்தூர ஓட்டமும் தாண்டலும் எளிதாயின. பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். அந்த உலக சாதனை 1991 வரை நின்றது. நெடுந்தூர ஓட்டங்களில் நடந்தது நேர்மாறு. 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 வினாடி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் படைத்திருந்த உலக சாதனையோ 27 நிமிடம் 39.4 வினாடி. அந்தக் கிளார்க் அன்று ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைக் கடந்ததும் நினைவிழந்து விழுந்தார். வெள்ளி வென்றவர் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முன்னே நின்றதைப் பார்த்த பிறகுதான், மலையில் பயிற்சி செய்துவிட்டுக் கீழே இறங்கி ஓடினால் என்ன ஆகும் என்ற கேள்வி உலகெங்கும் தீவிரமாக எழுந்தது.

உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணரும் பொறுப்பு முக்கியமாகச் சிறுநீரகத்துடையது. உயிரணுக்கள் இந்தக் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மேலே ஏறிய சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஒன்றிரண்டு நாளில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. எலும்பு மஜ்ஜை அந்த ஆணையை ஏற்றுப் புதிய சிவப்பணுக்களை உருவாக்கத் தொடங்குகிறது. ஊக்கமருந்தாக ஊசியில் ஏற்றிக்கொண்டு பலர் பிடிபட்டதும் இதே ஹார்மோன்தான். மலையில் உடல் தன் அளவுக்குத் தானே சுரந்துகொள்கிறது.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் அளவு ஏறியிருக்கும். அது புதிய சிவப்பணு அல்ல. ஏறிய முதல் நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுருங்கிவிடுகிறது. பாலைக் காய்ச்சினால் திக்காவதுபோல இரத்தமும் செறிவாகிறது, அவ்வளவுதான். உண்மையில் கூட வேண்டியது உடலில் உள்ள ஹீமோகுளோபினின் மொத்த எடை. அது மிக மெதுவாகத்தான் கூடும்.

எவ்வளவு மெதுவாக? போதுமான உயரத்தில் கழிக்கும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஏறத்தாழ 1 சதவீதம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கிடைத்த சராசரி இது. மூன்று வாரம் முழுக்க மேலேயே இருந்தால் 500 மணி நேரம். அப்படியானால் 3 முதல் 5 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். பகலில் அடிவாரத்துக்கு இறங்கிச் சுற்றிவிட்டு இரவு மட்டும் மேலே வந்தால் கணக்கு பாதியாகிவிடும். ஒரு வாரம் மட்டும் போய்வருவது இந்தக் கணக்கில் வீண். 1,800 மீட்டருக்குக் கீழே தூண்டுதல் போதாது. 2,800க்கு மேல் போனால் தூக்கமும் பசியும் கெட்டு, பயிற்சியே நடக்காது. 2,000 முதல் 2,500 வரைதான் நல்ல பட்டை. உங்கள் 2,200 அதன் நடுவில் விழுகிறது. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, பெஞ்சமின் லெவின், ஜேம்ஸ் ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் 1997இல் வெளியிட்டது. கல்லூரி அளவிலான 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு அமெரிக்காவின் யூட்டா மலைகளில் 2,500 மீட்டரில் தங்கி, பயிற்சிக்கு 1,250 மீட்டருக்கு இறங்கியது. இன்னொன்று மேலேயே தங்கி மேலேயே ஓடியது. மூன்றாவது, கடல்மட்டத்துக்கு அருகிலேயே இருந்தது. நான்கு வாரத்துக்குப் பிறகு, மேலே தங்கிய இரு குழுக்களிலும் சிவப்பணுக்கள் ஒரே அளவில் கூடியிருந்தன. ஆனால் 5,000 மீட்டர் ஓட்டத்தில் நேரம் குறைந்தது, மேலே தங்கிக் கீழே ஓடியவர்களுக்கு மட்டுமே: சராசரியாக 13.4 வினாடி. காரணம் எளிது. மேலேயே ஓடியவர்களுக்கு வேகமாக ஓடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. இரத்தம் வளர்ந்தது, கால்கள் மெதுவான ஓட்டத்துக்குப் பழகிவிட்டன.

இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 16 வீரர்களை நான்கு வாரம், நாளுக்கு 16 மணி நேரம் அறைகளில் தங்கவைத்தார்கள். சிலரின் அறையில் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஈடான காற்று, மற்றவர்களின் அறையில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று வீரர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. இரு தரப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை. மலைக்குப் போகிறோம் என்ற உற்சாகம், கவலையில்லாத ஓய்வு, கூட்டுப் பயிற்சி ஆகியவையும் பலனில் பங்கு வகிக்கின்றன என்று அதன் பிறகு நான் நம்பத் தொடங்கினேன். ஆளுக்கு ஆள் பலன் மாறுவதும் உண்மை. ஒருவருக்கு 6 சதவீதம் கூடும், பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஒன்றுமே கூடாது. ஆயினும் மொத்த ஆதாரங்களையும் எடைபோட்டால் தராசு மலையின் பக்கமே சாய்கிறது.

உங்களுக்கு இதன் மதிப்பு என்ன? 5,000 மீட்டரில் அந்த 13 வினாடி என்பது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். உங்கள் அரை மாரத்தானில் 1 சதவீதம் 55 வினாடி. எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதக்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே நிற்கும் ஒருவருக்கு அந்த ஒரு நிமிடம் வாழ்நாள் கனவு. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு, அதை நான்கைந்து மாதத்தில் பொறுமையாக 60 ஆக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கும். உங்கள் வாராந்திரத் தூரத்தை நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் அந்த 40இல் இருப்பவர் என்றால், மலைக்குப் போவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி, நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்: இரும்புச்சத்து. ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 70 கிலோ எடையுள்ள, நன்கு பயிற்சி பெற்ற ஆணின் உடலில் சுமார் 900 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும் என்று கொள்வோம். அதில் 4 சதவீதம் கூட வேண்டுமானால் 36 கிராம். அதற்கு 120 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு தேவை. சாதாரண உணவிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம். அதுவும் அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். ஆக, மீதி முழுவதும் உடலின் சேமிப்பிலிருந்து வர வேண்டும்.

அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டினில் ஒவ்வொரு புள்ளிக்கும் (லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்) சேமிப்பில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்பு என்பது ஒரு தோராயக் கணக்கு. ஃபெரிட்டின் 15 என்றால் கையில் இருப்பது 120. மலை கேட்பதும் 120. பெட்டியைத் துடைத்து எடுத்தால்தான் கட்டுபடியாகும். உடல் அப்படித் துடைத்துக் கொடுக்காது. அதனால்தான் 30, 35க்குக் கீழே இருப்பவர்களை மலைக்கு அனுப்ப அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் தயங்குகிறார்கள். மாதவிடாயால் இரும்பை இழக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். நான் பயிற்சி அளித்த ஒரு பெண் 14 என்ற அளவோடு மேலே போனார். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் இரத்தத்தில் துளி மாற்றமில்லை, களைப்பு மட்டும் மிஞ்சியது. அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு ஃபெரிட்டின் அறிக்கையைப் பார்க்காமல் யாரையும் நான் அனுப்பியதில்லை.

பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போதும், கடும் பயிற்சிக்கு மறுநாளும் வேண்டாம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். குறைவாக இருந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். இரும்பைத் தேவைக்கு மேல் சேர்த்துவைக்கும் மரபுக் குறைபாடு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அந்த மாத்திரை தீங்கு. எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கடுமையாக ஓடிய பின் 3 முதல் 6 மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடலில் இரும்பின் வாசலை அடைத்துவிடும். காலை ஓட்டத்துக்கு முன்போ, முடித்த அரை மணி நேரத்துக்குள்ளோ எடுப்பது நல்லது. கூடவே வைட்டமின் சி உள்ள பழம் இருக்கட்டும். தேநீரும் காப்பியும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கட்டும்.

மேலே போனதும் முதல் ஆறேழு நாளுக்கு ஒரே விதி: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். வழக்கமான தூரத்தில் முக்கால் பங்கு போதும். கடல்மட்டத்தில் உள்ள உச்ச ஆக்சிஜன் பயன்பாடு 2,200 மீட்டரில் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்துவிடும். கடிகாரத்தில் தெரியும் வேகம் கிலோமீட்டருக்கு 15, 20 வினாடி குறைந்தால் அது இயல்பு. உடல் தகுதி போய்விட்டது என்று பதற வேண்டாம். இதயத் துடிப்பையும் உடல் உணரும் சிரமத்தையும் வைத்து ஓடுங்கள். இரவில் மூச்சு ஏறி இறங்கி, திடீரென நின்று, விழிப்பு வரலாம். ஓரிரு வாரத்தில் குறையும். வறண்ட காற்றில் மூச்சு வழியே நீர் அதிகம் போவதால் தாகம் வருவதற்கு முன்பே குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அறவே வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தமாக்கும். பசி குறைந்தாலும் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பட்டினி கிடக்கும் உடல் புதிய இரத்தம் தயாரிக்காது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் அன்றே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள். இந்த உயரத்தில் அது அரிது. இதய நோய் உள்ளவர்களும், சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கக்கூடிய அரிவாள் அணு மரபுக்கூறு கொண்டவர்களும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து வேகத்தைச் சேர்க்கலாம். கீழே இறங்கி ஓட சாலை வசதி இருந்தால், வாரத்துக்கு இரண்டு கடும் பயிற்சிகளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எளிய ஓட்டங்களை மேலேயே ஓடலாம். அந்த வசதி இல்லாவிட்டால் நீளத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஓட்டங்களுக்குப் பதிலாக 200, 300 மீட்டர். நடுவே வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு ஓய்வு. குறுந்தூரத்தில் ஆக்சிஜன் தட்டுப்பாடு வேகத்தைத் தடுப்பதில்லை, காற்றின் எதிர்ப்பும் குறைவு. கால்கள் தங்கள் வேகத்தை மறக்காமல் இருப்பதற்கு அது போதும். சீரான இடைநிலை ஓட்டம் ஒன்றை மட்டும், நீங்கள் கீழே ஓடும் வேகத்திலிருந்து 5, 6 சதவீதம் குறைத்து ஓடுங்கள்.

கென்யாவின் இடேன் 2,400 மீட்டரில் இருக்கிறது, உலகச் சாம்பியன்கள் அங்கிருந்து வருகிறார்கள், ஆகவே உயரம்தான் எல்லாம் என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறது. உயரம் மட்டுமே காரணம் என்றால் ஆண்டிஸ் மலைகளிலிருந்தும் திபெத்திலிருந்தும் அதே அளவு சாம்பியன்கள் வந்திருக்க வேண்டும். திபெத்தியரின் உடல் பல தலைமுறைகளாக வேறு வழியில் பழகியிருக்கிறது. அவர்களிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் ஹீமோகுளோபினை உயராமல் காக்கிறது. அளவுக்கு மீறித் தடித்த இரத்தம் இதயத்துக்குச் சுமை. இடேனில் உயரத்தோடு சிறுவயது முதல் ஓட்டம், மெலிந்த உடல்வாகு, கூட்டமாக ஓடும் வழக்கம், ஓட்டத்தையே வாழ்வாதாரமாக நம்பும் உறுதி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மூன்று வாரத்தில் அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது.

முகமூடி கேட்டீர்கள். வாங்காதீர்கள். அது காற்று வரும் வழியைக் குறுக்குகிறதே தவிர, ஆக்சிஜனின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஒரு மணி நேரம் அணிந்து ஓடினால் மூச்சுத் தசைகள் களைக்கும். சிறுநீரகத்துக்குச் செய்தியே போகாது. கூடாரம் வேறு. அதற்குள் காற்றின் ஆக்சிஜன் 15, 16 சதவீதமாகக் குறைக்கப்படுவதால் தூண்டுதல் உண்மையானது. 1990களில் ஃபின்லாந்தில் நைட்ரஜன் கலந்து இப்படிப்பட்ட வீடுகளையே கட்டினார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2006இல் இதைத் தடை செய்யலாமா என்று விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. சிக்கல் மணிக்கணக்கில்தான். இரவு 8 மணி நேரம் வீதம் மூன்று வாரம் படுத்தாலும் 170 மணி நேரம்கூட ஆகாது. பலன் தெரிய நாளுக்கு 12, 14 மணி நேரம் வேண்டும். வெக்கையும் இரைச்சலுமான ஒரு கூடாரத்தில் வேலைக்குப் போகும் ஒருவரால் அது முடியாது. தூக்கம் கெட்டு, கிடைத்ததையும் இழப்பார்.

கடைசியாக, இறங்கும் நாள். இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓட முடிகிறது, நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கால்கள் கனக்கின்றன, இரண்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் நல்ல காலம் வருகிறது என்பது பயிற்சியாளர்களிடையே வழங்கும் அனுபவ அறிவு. ஆய்வுகள் இதை முழுமையாக உறுதிசெய்யவில்லை, ஆளுக்கு ஆள் நாட்கள் மாறுகின்றன. ஆனாலும் முதல்முறை போகும் ஒருவருக்கு நான் 16 முதல் 18 நாள் இடைவெளியையே சொல்வேன். மூச்சு பழைய தாளத்துக்குத் திரும்பவும், சுருங்கிய பிளாஸ்மா விரியவும், போட்டி வேகம் மறுபடி கால்களுக்குப் பழகவும் அது போதும். போட்டி வெயிலில் என்றால் மலைக் குளிரில் இழந்த வெப்பப் பழக்கத்தை மீட்கவும் அந்த நாட்கள் வேண்டும். கூடிய ஹீமோகுளோபின் ஒரே நாளில் கரைந்துவிடாது. சில வாரங்களில் படிப்படியாகத்தான் பழைய அளவுக்கு இறங்கும்.

பின்னோக்கிக் கணக்கிட்டால், போட்டிக்கு சுமார் 39 நாள் முன்பு நீங்கள் மேலே இருக்க வேண்டும். அதுவரை உங்கள் கையில் ஏழு வாரம் இருக்கிறது, இரும்புச் சேமிப்பை ஓரளவு நிரப்பப் போதுமான காலம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு ஃபெரிட்டினை மறுபடியும் பாருங்கள். அப்போதும் 30க்குக் கீழேயே இருந்தால், அல்லது அந்த வாரம் உடம்பு சரியில்லாமல் போனால், இந்த முறை பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மூன்று வாரத்தையும் கீழேயே நல்ல தூக்கத்தோடு ஓடுங்கள்.